பாதம் இல்லாத கியர்பெட்டி

மோட்டார் சைக்கிளின் கியர்பெட்டி ஒரு மனிதப் பாதத்தை நம்பிச் செய்யப்பட்டது. இடது காலின் பெருவிரல் அருகே ஒரு சிறு லிவர். கணுக்காலைக் கொஞ்சம் தூக்கினால் அடுத்த கியர் விழும். அழுத்தினால் முந்தைய கியர். வண்டி ஓட்டப் பழகியவரிடம் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. லிவரைத் தட்டுவதற்குச் சற்று முன்பே வலது மணிக்கட்டு ஆக்சிலேட்டரைத் தளர்த்தியிருக்கும். கியர் விழாவிட்டால் பாதம் தானாகவே இன்னொரு தட்டுத் தட்டியிருக்கும். விழுந்த மறுகணம் லிவரை விட்டு விலகியும் இருக்கும். வண்டி வாங்கிய முதல் மாதம் மட்டுமே இவற்றை யோசித்துச் செய்திருப்பார். அதற்குப் பிறகு உடம்பு பார்த்துக்கொள்கிறது.

அதே எஞ்சினைக் கழற்றி ஒரு சின்னப் பந்தயக் காரில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைக்கிறார்கள். அப்போது தொந்தரவு தொடங்குகிறது. இரண்டிலிருந்து மூன்று விழவில்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் வழியில் நியூட்ரலில் நின்றுவிடுகிறது. மேலே ஏறும் கியர் கீழே இறங்க மறுக்கிறது. வளைவை விட்டு வெளியேறி ஆக்சிலேட்டரை மிதித்ததும் விழுந்த கியர் நழுவி வெளியே வந்துவிடுகிறது. உடனே எல்லோரும் எஞ்சினைக் கீழே இறக்கிக் கியர்பெட்டியைப் பிளக்கக் கிளம்புகிறார்கள். பிளந்து பார்த்தால் பெரும்பாலும் உள்ளே எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். கோளாறு வேறெங்கோ இருக்கிறது. பாதமும் மணிக்கட்டும் சாயும் உடம்பும் யாருக்கும் தெரியாமல் செய்துவந்த வேலைகளில் ஏதோ ஒன்று, காரில் யாரிடமும் ஒப்படைக்கப்படாமல் விடுபட்டிருக்கிறது.

கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் இந்தக் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய தடம் அது. நாடெங்கிலுமிருந்து பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு அங்கே வருகிறார்கள். 1981இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபார்முலா எஸ்ஏஇ போட்டியின் வழிவந்த விதிகள்தாம் இங்கும். எஞ்சின் 710 சிசிக்கு மேல் போகக் கூடாது. முன்பு அந்த வரம்பு 610 சிசியாக இருந்தது. பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். இந்த அளவில் மலிவாகவும் இலேசாகவும் வேகமாகச் சுழலக்கூடியதாகவும் கிடைப்பது மோட்டார் சைக்கிள் எஞ்சின்தான். வெளிநாட்டு அணிகள் ஹோண்டா சிபிஆர் 600, யமஹா ஆர்6 போன்ற நான்கு சிலிண்டர் எஞ்சின்களை நாடின. இந்திய அணிகள் பலவற்றின் கார்களில் இருப்பது சாலையில் நாம் தினமும் பார்க்கும் கேடிஎம் 390 டியூக்கின் பழைய 373 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின்.

பைக் எஞ்சினைக் காரில் வைக்கும் வழக்கம் மாணவர்கள் கண்டுபிடித்தது அல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946இல், இங்கிலாந்தின் சர்பிட்டனில் கராஜ் நடத்திவந்த சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் இரண்டு பழைய ஃபியட் கார்களின் முன்பாகங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து ஒரு பந்தயக் காரைக் கட்டினார்கள். அதில் போட்டது 500 சிசி ஜேஏபி மோட்டார் சைக்கிள் எஞ்சின். செயின் வழியாகப் பின்சக்கரத்தை ஓட்ட வேண்டியிருந்ததால் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பதுதான் சுலபமாக இருந்தது. பெரிய கொள்கை எதுவும் அதன் பின்னால் இல்லை. செயின் நீளம் குறைந்தது, அவ்வளவுதான். ஸ்டிர்லிங் மாஸ் என்ற இளைஞர் 1948இல் அப்படிப்பட்ட ஒரு கூப்பரில்தான் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, 1958இல் அர்ஜென்டினாவில், பின்பக்க எஞ்சின் கொண்ட கூப்பரில் அதே மாஸ் கிராண்ட் பிரீ வென்றார். 1959லும் 1960லும் ஜாக் பிராபம் கூப்பரில் உலகப் பட்டம் பெற்றார். அதன் பிறகு முன்பக்க எஞ்சின் கொண்ட கார் எதுவும் ஃபார்முலா ஒன் பட்டத்தைத் தொடவில்லை. செயினின் வசதிக்காக எடுத்த முடிவு ஒரு விளையாட்டின் உருவத்தையே மாற்றிப்போட்டது.

கூப்பர் காலத்தில் எஞ்சின் தனி, கியர்பெட்டி தனி. இன்றைய பைக் எஞ்சினில் இரண்டும் ஒரே உலோகக் கூட்டுக்குள், ஒரே ஆயிலில் குளித்தபடி இருக்கின்றன. 1997இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் தொடங்கப்பட்ட ரேடிக்கல் என்ற பந்தயக் கார் நிறுவனம் முதல் காரில் கவாஸாகி எஞ்சினை வைத்தது. பிறகு சுசூகி ஹயபூசாவின் எஞ்சினுக்கு மாறியது. ஹயபூசாவின் பாகங்களை அடியாகக் கொண்டு எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றையும் உருவாக்கி, 2009இல் நூர்புர்கிரிங் தடத்தை 6 நிமிடம் 48 நொடியில் சுற்றிக் காட்டியது. அமெரிக்காவின் லெஜன்ட்ஸ் பந்தயக் கார்கள் யமஹா எஞ்சினில் ஓடுகின்றன. இவை தேர்ந்த தொழிற்சாலைகளின் தயாரிப்பு. ஒரு கல்லூரிப் பட்டறையில் முதல் முறையாக இதைச் செய்பவர்களுக்குத்தான் விடுபட்ட வேலைகள் ஒவ்வொன்றாக முகம் காட்டுகின்றன.

கூட்டுக்குள் நடப்பதைப் பார்த்துவிட்டால் மீதியைப் புரிந்துகொள்வது எளிது. பைக் கியர்பெட்டியில் எல்லாக் கியர்களும் எப்போதும் ஒன்றோடொன்று பல் கோத்தபடியேதான் சுழல்கின்றன. கியர் மாற்றுவது என்றால் பற்களைப் பிரித்துச் சேர்ப்பது அல்ல. கியரின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் தடித்த முளைகள், அடுத்த கியரில் உள்ள பள்ளங்களுக்குள் போய் உட்கார வேண்டும். பட்டறையில் இவற்றை டாக் என்பார்கள். கியரைப் பக்கவாட்டில் தள்ளுவது ஃபோர்க் எனப்படும் கவை. ஃபோர்க்குகளை நகர்த்துவது, உடம்பில் வளைந்து நெளிந்த பள்ளங்கள் வெட்டப்பட்ட ஓர் உருளை. அதற்கு டிரம் என்று பெயர். பெரும்பாலான ஆறு கியர் பெட்டிகளில் டிரம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 60 டிகிரி திரும்பும். அதன் முனையில் இருக்கும் நட்சத்திரத் தகட்டில் ஒரு சின்ன உருளை ஸ்பிரிங் விசையோடு அழுந்திக்கொண்டிருக்கும். நட்சத்திரத்தின் பள்ளத்தில் அந்த உருளை விழும்போதுதான் காலுக்கு அந்த ‘டக்’ தெரிகிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், 30 டிகிரியில், ஆழம் குறைந்த ஒரு பள்ளம் உண்டு. அது நியூட்ரல்.

கார்களில் இருக்கும் சிங்க்ரோமெஷ் இங்கே இல்லை. வேகங்களைச் சமன்செய்துவிட்டு மெதுவாகக் கைகோக்க வைக்கும் இடைத்தரகர் யாரும் கிடையாது. டாக்குகள் நேராகப் போய் மோதி உட்காரும். தயங்கித் தயங்கித் தள்ளினால் முனைகள் ஒன்றையொன்று உரசித் தேயும். ஒரே வெட்டாகத் தள்ளினால் தேய்வதற்கு நேரம் இருக்காது. மென்மையாகக் கியர் மாற்றச் சொல்லிக் கொடுக்கப்பட்ட கார் ஓட்டுநர், நல்ல பழக்கம் என்று நினைத்தே இந்தப் பெட்டியைக் கெடுத்துவிடுகிறார்.

டிரம்மைத் திருப்பும் பொறிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தட்டுக்கு ஒரே படிதான் திருப்பும். அடுத்த படிக்குப் போக லிவர் முழுவதுமாக நடுநிலைக்குத் திரும்பியாக வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் கொக்கி டிரம்மின் அடுத்த முளையைப் பிடிக்கும். பைக்கில் லிவரைத் திருப்பி அனுப்ப எஞ்சினுக்குள் இருக்கும் சிறிய ஸ்பிரிங்கே போதும். அது நகர்த்த வேண்டியது ஒரு குட்டி ராடும் ஒரு லிவரும்தான். காரில் அதே ஸ்பிரிங்மீது இரண்டு மீட்டர் கேபிள், அதன் உறைக்குள் இருக்கும் உராய்வு, ஒரு நீண்ட கைப்பிடி, அதன் மூட்டுகள் என்று ஒரு பாரத்தையே ஏற்றிவிடுகிறார்கள். லிவர் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஓட்டுநர் இரண்டாம் முறை இழுக்கும்போது கொக்கி வெறும் காற்றைத்தான் பிடிக்கிறது. முதல் கியர் மாற்றம் நன்றாக விழுகிறது, அடுத்தது விழவில்லை என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான். மருந்து, கைப்பிடியின் பக்கம் ஓர் உதவி ஸ்பிரிங் போடுவது அல்லது கேபிளின் வளைவுகளைக் குறைப்பது. பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை.

கேபிளுக்கு இன்னொரு தந்திரமும் தெரியும். இழுக்கும்போது நேர்மையாக இருக்கும். தள்ளும்போது உறைக்குள் நெளிந்து விசையில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். இதனால் ஒரு திசையில் மட்டும் கியர் மாறாது. அனுபவமுள்ளவர்கள் முழு வேகத்தில் நடக்க வேண்டிய மேல்மாற்றத்தை இழுக்கும் பக்கம் வைத்துவிடுவார்கள். இதே நோயை இன்னொன்றும் கொடுக்கும்: எஞ்சினிலிருந்து வெளியே வரும் தண்டில் மாட்டிய கைக்கும் அதை இழுக்கும் ராடுக்கும் இடையிலான கோணம். நடுநிலையில் அது 90 டிகிரியாக இருந்தால் இரு திசையிலும் நகர்வு சமமாக இருக்கும். தண்டின் பல்வரிசையான ஸ்ப்லைனில் இரண்டு பல் தள்ளி மாட்டிவிட்டால் ஒரு பக்கம் தாராளம், மறு பக்கம் கஞ்சத்தனம். பைக்கைத் தயாரித்தவர்கள் இந்தக் கோணத்தைத் தீர்மானித்துவிட்டுத்தான் விற்றார்கள். காரைக் கட்டியவர்கள், இடம் எங்கே கிடைத்ததோ அந்தப் பக்கமாக ராடை விட்டார்கள்.

கேபிளின் உறையைப் பிடித்திருக்கும் தகட்டையும் சந்தேகிக்க வேண்டும். கார் நிற்கும்போது ஒருவர் கைப்பிடியை இழுக்க, இன்னொருவர் எஞ்சின் பக்கம் குனிந்து பார்த்தால், தண்டு திரும்புவதற்கு முன்னால் தகடு வளைவது கண்ணுக்கே தெரியும். எடையைக் குறைப்பதற்காக 1.5 மில்லிமீட்டர் அலுமினியத்தில் வெட்டிய அழகான தகடாக அது இருக்கும்.

இவ்வளவையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை போதும். காரைத் தாங்கிமீது ஏற்றிப் பின்சக்கரங்களைத் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ள வேண்டும். எஞ்சின் பக்கத்தில் ராடைக் கழற்றிவிட்டு, தண்டில் உள்ள கையை நேரடியாகக் கையால் அசைக்க வேண்டும். அப்போது இன்னொருவர் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; இதை மறப்பவர்கள்தான் அதிகம். எல்லாம் அசையாமல் நிற்கும்போது டாக்கின் முனை பள்ளத்துக்கு நேராக இல்லாமல் மற்றொரு டாக்கின் முனைக்கு நேராக நிற்கலாம். அப்போது எவ்வளவு அழுத்தினாலும் கியர் விழாது. அதைப் பார்த்துப் பெட்டி போய்விட்டது என்று முடிவுகட்டி எஞ்சினை இறக்கியவர்கள் உண்டு. சக்கரம் சுழலும்போது ஆறு கியரும் ஒவ்வொன்றாக விழுந்து திரும்பினால், பெட்டி குற்றமற்றது. கோளாறு ஓட்டுநரின் கைக்கும் அந்தத் தண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

நின்ற இடத்தில் எல்லாம் சரி, தடத்தில் மட்டும் மறுக்கிறது என்றால் அடுத்த விசாரணை மணிக்கட்டைப் பற்றியது. எஞ்சின் முழுவிசையோடு இழுக்கும்போது டாக்குகள் ஒன்றையொன்று இறுக்கி அழுத்திக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது உள்ளே தாழ்ப்பாளை நகர்த்த முடியாதல்லவா, அதுபோல. தள்ளுபவர் ஒரு கணம் கையெடுக்க வேண்டும். பைக்கில் மணிக்கட்டு அந்தக் கணத்தைக் கொடுத்தது. காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் அழுத்தும் பேடில் வைத்து, காற்றழுத்த சிலிண்டரோ மின்காந்த சொலினாய்டோ கியரைத் தள்ளும்படி செய்திருந்தால், எஞ்சினின் கணினிதான் தீப்பொறியை ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம் நிறுத்தி அந்தக் கணத்தை உண்டாக்க வேண்டும். சாதாரணமாக இது 50 முதல் 80 மில்லிசெகண்ட் அளவில் இருக்கும். குறைந்தால் டாக்குகள் பிரியாது. சிலிண்டர் தள்ளித் தோற்றுவிட்டுப் பின்வாங்கும். மிகுந்தால் எஞ்சின் வேகம் அளவுக்கு மீறி விழுந்து, அடுத்த கியரின் டாக்குகள் மோதித் துள்ளும்; காரும் உதறும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது டிரம் நியூட்ரலைக் கடக்க வேண்டும். கியர் விகிதங்களின் இடைவெளியும் அங்கேதான் அதிகம். ஆகவே அந்த மாற்றத்துக்கு நேரம் கூடுதலாக வேண்டும். எல்லாக் கியருக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு, இரண்டில் மட்டும் ஏன் நியூட்ரலில் நிற்கிறது என்று குழம்புவது வழக்கமான கதை.

தீப்பொறியை எப்போது நிறுத்துவது என்பதும் ஒரு கேள்வி. பேடிலை அழுத்தியவுடனே நிறுத்தினால், காற்று குழாய் வழியாகப் போய் சிலிண்டரை நிரப்புவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடலாம். பைக்குகளுக்கு விற்கும் குவிக்‌ஷிஃப்டர்களில் கியர் ராடுக்குள்ளேயே விசையை அளக்கும் உணரி இருக்கும். ராடில் அழுத்தம் ஏறிய பிறகுதான் அது எஞ்சினை அடக்கும். பாதம் தள்ளத் தொடங்கிவிட்டது என்று உறுதியான பிறகு மணிக்கட்டு தளர்வதுபோல.

பேடில் வைத்தவர்களுக்கு நேரும் இன்னொரு வகைக் கோளாறு, கியர் தொடர்பானதே அல்ல. கார் முதல் சில சுற்றுகள் ஒழுங்காக ஓடும். பிறகு மாற்றங்கள் மெதுவாகும், பிறகு நின்றுபோகும். பட்டறைக்குக் கொண்டுவந்து பார்த்தால் மறுபடி எல்லாம் சரி. காற்றுப் புட்டியில் அழுத்தம் குறைந்திருக்கும். அல்லது கரியமிலவாயுப் புட்டியாக இருந்தால், வேகமாக வாயுவை எடுக்க எடுக்கப் புட்டி குளிர்ந்து அழுத்தம் விழுந்திருக்கும். பட்டறையில் சற்று நேரம் சும்மா விட்டபின் அது வெப்பநிலையையும் அழுத்தத்தையும் மீட்டுக்கொண்டிருக்கும். சொலினாய்டாக இருந்தால், சின்ன பேட்டரியின் மின்னழுத்தம் ஓட்டத்தின்போது இறங்கியிருக்கும்.

உலகத்தின் மிக வசதியான பட்டறைக்கே இது நேர்ந்தது. 1989இல் ஃபெராரி, ஜான் பார்னார்ட் வடிவமைத்த 640 காரோடு களமிறங்கியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பேடில்களால் கியர் மாற்றும் முதல் ஃபார்முலா ஒன் கார் அது. சோதனை ஓட்டங்களில் அடிக்கடி நின்றதால், பந்தயத்தை முடிக்காது என்றே அணியில் பலர் எண்ணியிருந்தார்கள். மார்ச் 26 அன்று பிரேசிலின் ஜகரெபகுவா தடத்தில் நைஜல் மேன்செல் அதில் வென்றுவிட்டார். அடுத்தடுத்த பந்தயங்களில் கார் மறுபடி நிற்கத் தொடங்கியது. புதுமையான கியர்பெட்டியின்மீது எல்லோர் விரலும் நீண்டது. கடைசியில் பிடிபட்டது ஆல்டர்னேட்டரின் பெல்ட். எஞ்சினின் அதிர்வில் அது கழன்று விழ, பேட்டரி வடிய, கியர்பெட்டியின் வால்வுகளுக்கு மின்சாரம் போதாமல் போய்க்கொண்டிருந்தது. மின்குறையை முதலில் உணர்ந்து நின்ற உறுப்பு கியர்பெட்டி. அதனாலேயே பழி அதன்மேல் விழுந்தது.

கிளட்ச் மீதும் இப்படி மறைமுகமாகப் பழி விழுவதுண்டு, ஆனால் அதில் பல சமயம் உண்மையும் இருக்கும். பைக் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி இருக்கும் பல தகடுகளின் அடுக்கு. கார் ஆயிலில் உராய்வைக் குறைப்பதற்கென்று சேர்க்கும் இரசாயனங்கள் அந்தத் தகடுகளை வழுக்க வைக்கும். ஜப்பானியர்கள் ஜேசோ எம்ஏ என்ற தரத்தை மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கென்று தனியாக வகுத்தது இதற்காகத்தான். கார் பந்தயம் என்பதால் விலையுயர்ந்த கார் ஆயிலை வாங்கி ஊற்றும் அணி, எஞ்சினின் ஜாதகத்தை மறந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறானது கிளட்ச் முழுதாக விடாமல் இழுத்துக்கொண்டிருப்பது. கால்மிதியிலிருந்து எஞ்சின் வரை நீண்ட கேபிள் போட்டிருந்தால், அது நெளிந்து நகர்வைத் தின்றுவிடும். தகடுகள் முழுதாகப் பிரியாது. ஓடும்போது கியர் எப்படியோ விழும். நின்ற இடத்தில் மட்டும் நியூட்ரல் கிடைக்கவே கிடைக்காது.

மாணவர் போட்டியில் இதன் விலை கனமானது. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீள ஓட்டத்தின் பாதியில் ஓட்டுநர்கள் மாற வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, மூன்று நிமிடத்துக்குள் ஒருவர் இறங்கி மற்றவர் ஏறி, வார்களைக் கட்டிக்கொண்டு, மறுபடி கிளப்ப வேண்டும். எஞ்சின் உச்சச் சூட்டில் இருக்கும். முதல் ஓட்டுநர் இரண்டாவது கியரில் நிறுத்திவிட்டு இறங்கியிருப்பார். கிளட்ச் இழுத்துப் பிடிக்க, ஸ்டார்ட்டர் மோட்டார் காரையும் சேர்த்து நகர்த்தத் திணற, பேட்டரி தளர்ந்துபோகும். காலை முழுவதும் குளிர்ந்த எஞ்சினில் பத்து முறை ஒத்திகை பார்த்தவர்கள் அங்கே கைபிசைந்து நிற்பார்கள். ஒத்திகையைச் சூடான எஞ்சினோடு, கியரில் நிறுத்தி, ஓட்டம் முடிந்த கையோடு செய்து பார்த்திருக்க வேண்டும்.

சாய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைவில் பைக் சாய்கிறது; புவியீர்ப்பும் மையவிலக்கும் சேர்ந்த விசை எப்போதும் வண்டியின் நடுத்தளத்திலேயே விழுகிறது. ஆகவே எஞ்சினுக்கு அடியில் உள்ள சம்ப் என்ற தொட்டியில் இருக்கும் ஆயிலுக்கு வளைவு வந்ததே தெரியாது. கார் சாயாது. பக்கவாட்டில் 1.5 ஜி விசையில் திரும்பும் காருக்குள் ஆயிலின் மேற்பரப்பு 56 டிகிரி சரிந்து ஒரு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங்குகள் காயும். சம்ப்பில் தடுப்புகள் வைத்தோ, ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் உலர் சம்ப் அமைப்புக்கு மாறியோ இதைச் சரிசெய்வது முறை. கையில் பணமோ நேரமோ இல்லாத அணி ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்கிறது. கூடுதல் ஆயிலைக் கிளட்ச் கடையத் தொடங்குகிறது, தகடுகள் பிரியத் தயங்குகின்றன, நியூட்ரல் மறுபடி காணாமல் போகிறது. வளைவுக்குச் செய்த வைத்தியம் கியரில் பக்கவிளைவாக வந்து நிற்கிறது. இரண்டுக்கும் இடையிலான தொடர்பைக் கண்டுபிடிக்க, சென்ற வாரம் ஆயில் ஊற்றியவரும் இன்று கியரைச் சோதிப்பவரும் பேசிக்கொண்டால் போதும்.

இவையெல்லாம் கழிந்த பிறகுதான் பெட்டியைத் திறக்க நியாயம் பிறக்கிறது. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று: கியர் எப்போது நழுவுகிறது? ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் நழுவினால் டாக்குகளின் இழுக்கும் பக்கம் மழுங்கியிருக்கிறது. காலை எடுக்கும்போது நழுவினால் எதிர்ப்பக்கம். புதிய டாக்குகளின் பக்கங்கள் சில டிகிரி உள்நோக்கிச் சாய்த்து வெட்டப்பட்டிருக்கும். விசை ஏற ஏற அவை ஒன்றையொன்று இழுத்துப் பூட்டிக்கொள்ளும். முனை உருண்டுவிட்டால் அதே விசை அவற்றை வெளியே தள்ளும். ஃபோர்க்கின் இரு முனைகளில் நீலம் பாரித்திருந்தால், யாரோ ஓடும்போதெல்லாம் கியர்க் கைப்பிடிமீது கையை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஓய்வாக வைத்த அந்தக் கையின் எடை லிவரால் பெருகி, சுழலும் கியர்மீது ஃபோர்க்கைச் சதா அழுத்தித் தேய்த்துச் சுட்டிருக்கிறது. ஃபோர்க் வளைந்திருந்தால் அதற்கும் கையே காரணமாக இருக்கலாம். கணுக்காலால் கொடுக்க முடியாத விசையை, நீண்ட கைப்பிடியைப் பிடித்த தோள்பட்டை சுலபமாகக் கொடுத்துவிடும். கைப்பிடிக்கு அருகிலேயே ஒரு தடுப்பு போல்ட் வைத்து நகர்வுக்கு எல்லை கட்டியிருந்தால் அந்த ஃபோர்க் பிழைத்திருக்கும்.

இப்போது நிறைய எஞ்சின்களில் டிரம்மின் முனையில் ஒரு உணரி இருக்கிறது. எந்தக் கியர் என்பதை மின்னழுத்தமாகக் கணினிக்குச் சொல்லும். அதைப் பதிவுசெய்து எஞ்சின் வேகத்தோடு ஒரே வரைபடத்தில் போட்டால் கோளாறின் முகவரி ஏறத்தாழக் கிடைத்துவிடும். பேடில் அழுத்தியும் டிரம் கோடு அசையவே இல்லை என்றால் விசை டிரம்மை வந்தடையவில்லை: கேபிள், காற்று, மின்சாரம், அல்லது நடுநிலைக்குத் திரும்பாத லிவர். கோடு பாதி ஏறிப் பழைய இடத்துக்கே விழுந்தால் டாக்குகள் பிரியவில்லை, அல்லது முனையோடு முனை மோதித் திரும்பியிருக்கின்றன: தீப்பொறி நிறுத்தும் நேரத்தைப் பார்க்க வேண்டும். கோடு ஒழுங்காக ஏறி, அங்கேயே சிறிது நேரம் நின்று, ஆக்சிலேட்டர் ஏறியதும் கீழே நழுவினால் மட்டுமே எஞ்சினை இறக்கும் நாள் வந்திருக்கிறது. ஓட்டுநரின் வாக்குமூலம் மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்கும்: “கியர் விழல.”

ஆனால் வரைபடம் இருந்தும் தடுமாறும் அணிகள் உண்டு. அவசரத்தில் ஒரே மாலையில் கேபிளை மாற்றி, நேரத்தைக் கூட்டி, ஆயிலையும் மாற்றிவிடுவார்கள். மறுநாள் கியர் விழும். எதனால் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். புதிதாக வந்தவர்கள் அதே கோளாறைப் புதிய கோளாறாகச் சந்திப்பார்கள். பட்டறைச் சுவரில் சாவிகள் வரிசையாகத் தொங்கும். எந்தத் தேதியில் எதை மாற்றியபோது என்ன நடந்தது என்று எழுதிய நோட்டு மட்டும் இருக்காது. பைக்கில் இந்த அறிவு ஒரே உடம்பில் சேர்ந்து தங்கியது. காரில் அது கிளட்ச் பார்ப்பவர், மின்சாரம் பார்ப்பவர், ஆயில் பார்ப்பவர், ஓட்டுபவர் என்று நான்கு பேரிடம் பிரிந்து கிடக்கிறது.

இதற்கு விடையாகச் சிலர் பேடிலையும் சிலிண்டரையும் கழற்றி வைத்துவிட்டு, கைப்பிடியும் நேரான ஒரு இரும்பு ராடும் என்ற பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பினார்கள். கெடக்கூடிய உறுப்புகள் குறைந்தன. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டிய தொல்லை கூடியது. வேறு சிலர் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். நீள ஓட்டத்தில் காரின் சராசரி வேகம் மணிக்கு 48 முதல் 57 கிலோமீட்டர் இருக்கும் விதத்தில்தான் தடம் அமைக்க வேண்டும் என்கின்றன விதிகள். ஐந்தும் ஆறும் அங்கே தேவைப்படுவதே இல்லை. கியர் மாற்றும் பொறி உடைந்துபோய், இரண்டாவது கியர் ஒன்றிலேயே மீதிச் சுற்றுகளை ஓட்டி, நின்றுபோன வேகமான கார்களைத் தாண்டி முடித்த கார்களும் உண்டு. பெட்டியைத் திறந்து மேல் கியர்களைக் கழற்றி எடையைக் குறைத்துவிட்டு, மூன்றோ நான்கோ கியர்களோடு ஓடும் அணிகள் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை. அந்த அணிகள் அடுத்த ஆண்டுக் காருக்கான வேலையைத் தொடங்கும்போது முதலில் எடுப்பது, ஒரு சுற்றில் எத்தனை முறை கியர் மாற்றினோம், அதில் எத்தனை மாற்றம் நேரத்தை மிச்சப்படுத்தியது என்ற பட்டியல். எஞ்சின் எது, கைப்பிடியா பேடிலா என்ற விவாதமெல்லாம் அதற்குப் பிறகுதான்.